பொந்தின் அளவு: காவிரிப் படுகையில் கூகைக்கு ஒரு வீடு

கும்பகோணத்திலிருந்து அணைக்கரை போகும் வழியில், மண்ணியாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட வண்டல் பூமியில் இருக்கிறது திருப்பனந்தாள். ஊரின் அருணஜடேசுவரர் கோயிலுக்குத் தலமரம் பனை. சுற்றிலும் குறுவை, சம்பா, தாளடி என்று முறை வைத்து நெல் விளையும் வயல்கள். இந்த நெல்லுக்குப் பங்கு கேட்டு வருபவர் பலர். அவர்களில் விவசாயிக்கு அதிகத் தொல்லை தருவது எலி. எலியைப் பிடித்துத் தின்பதில் கூகைக்கு இணை இல்லை. அந்தக் கூகை தானாகக் கூடு கட்டத் தெரியாத பறவை. யாரோ விட்டுவைத்த இருட்டு மூலையிலோ, எதுவோ அரித்த பொந்திலோதான் முட்டையிடும்.

ஆகவே டெல்டாவில் எலிக் கட்டுப்பாடு என்பது ஓரளவு பொந்துக் கணக்கு. பொந்து குறைந்தால் கூகை குறையும். குறைந்த பொந்தை மனிதர் செய்து கொடுக்க முடியுமா? முடியும் என்பதற்கு டெல்டாவிலேயே ஆய்வு அனுபவம் உண்டு. அதைவிட நன்றாகச் செய்ய முடியுமா என்பதுதான் இன்றைய கேள்வி. உலகின் வேறு மூலைகளில் சில ஆய்வாளர்கள் கணினியில் வடிவமைத்து, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் களிமண்ணும் மரமும் கொண்டு விலங்குகளுக்கு வீடு செய்து பார்த்திருக்கிறார்கள். அந்த அனுபவத்தில் எது காவிரிக் கரைக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை.

பொந்து எங்கே போனது

பனை நூறாண்டும் அதற்கு மேலும் வாழும் மரம். கொண்டை காய்ந்து, உச்சி மழையில் ஊறி, நடு நார் மக்கிய பிறகுதான் அதில் பொந்து உண்டாகும். பட்ட பனையின் உச்சிப் பொந்து பனங்காடைக்கும் பச்சைக்கிளிக்கும் மைனாவுக்கும் புள்ளி ஆந்தைக்கும் உரியது. கூகைக்கு இன்னும் பெரிய இடம் வேண்டும். கோபுர மாடம், பூட்டிக் கிடக்கும் வீட்டின் பரண், பாழுங்கிணற்றின் சுவர்க்குழி, வயதான ஆல், அரசு, புளி ஆகியவற்றின் பெரும்பொந்து என்று அது இடம் பார்க்கும்.

இந்த இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு வருகின்றன. பட்ட மரத்தை யாரும் நிற்க விடுவதில்லை. விறகுக்கும் செங்கல் சூளைக்கும் முதலில் போவது அதுதான். சாலைகள் அகலமாகும்போது ஓரத்துப் பழைய புளியமரங்கள் விழுகின்றன. கோயில் திருப்பணியில் கோபுர இடுக்குகள் பூசப்பட்டு, வலையும் கட்டப்படுகிறது. ஓட்டு வீடு கான்கிரீட் வீடாகும்போது பரணும் இல்லாமல் போகிறது. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு. எல்லாம் சேர்ந்த விளைவைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

தமிழ்நாடு அரசு 2021இல் தாக்கல் செய்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்கப்படும் என்று அறிவித்தது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. நல்ல முடிவு. ஆனால் பனை பாளை விடவே பத்துப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகும். 2021இல் ஊன்றிய விதை பொந்து தருவதை நம் பேரப்பிள்ளைகள் பார்ப்பார்களா என்பதே சந்தேகம். இந்த இடைவெளியை நிரப்பத்தான் செயற்கைக் கூடு தேவைப்படுகிறது.

கிட்டி, தாங்கி, பெட்டி

எலியைக் கட்டுப்படுத்துவதில் டெல்டா யாருக்கும் பின்தங்கியதல்ல. மூங்கில் பிளாச்சை வில்லாக வளைத்துச் செய்யும் பொறிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி என்றே பெயர். கதிர் பிடிக்கும் பருவத்தில் வயலெங்கும் தென்னை மட்டையையோ குச்சியையோ நட்டு வைக்கும் வழக்கமும் உண்டு. ஆந்தை அமர்ந்து இரை பார்க்க உதவும் அதைப் பறவை தாங்கி என்பார்கள். வேளாண் துறையும் பரிந்துரைக்கும் எளிய உத்தி இது.

தாங்கி உட்கார இடம் தரும். குடியிருக்க இடம் தராது. அந்தக் குறையைக் கையில் எடுத்தவர்கள் மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியின் விலங்கியல் ஆய்வாளர்கள். 1990களில் காவிரிப் படுகையின் கூகைகளுக்குச் செயற்கைக் கூடு வைத்துப் பார்த்து, அவற்றை அவர்கள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். கூகை தான் தின்ற இரையின் எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். அந்த உருண்டைகளைப் பிரித்து மண்டையோடுகளை இனம் பிரித்தால், அது எதை வேட்டையாடியது என்பதற்குச் சாட்சி கிடைக்கும். டெல்டா கூகையின் உருண்டைகளில் கிடைத்தவற்றில் வயலைக் குடையும் சிறு பெருச்சாளி, மென்மயிர் எலி, சுண்டெலி ஆகியவை முக்கியமானவை. அதாவது நெல்லைத் தின்பவற்றையே கூகை தின்கிறது. சிறு பெருச்சாளி தின்பதோடு நிற்காமல் கதிரை வெட்டி வளைக்குள் சேர்த்து வைக்கும் வழக்கமுடையது என்பதால், அதைப் பிடிக்கும் பறவையின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

வெளிநாடுகளிலும் இதே பாதையில் பெரிய முயற்சிகள் நடந்திருக்கின்றன. மலேசியாவின் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் எலிக்காகக் கூகைப் பெட்டிகள் பல பத்தாண்டுகளாக நிற்கின்றன. இஸ்ரேலில் 1980களில் ஒரு கூட்டுப்பண்ணையில் தொடங்கிய பெட்டித் திட்டத்தில் பிறகு ஜோர்டான் விவசாயிகளும் பாலஸ்தீன விவசாயிகளும் சேர்ந்துகொண்டார்கள்.

பெட்டி வேலை செய்கிறது. ஆனால் ஒட்டுப்பலகைப் பெட்டிக்கு இரண்டு குறைகள். ஒன்று வெயில்: மரப்பொந்தின் தடித்த சுவர் வெப்பத்தை மெல்ல வாங்கி மெல்ல விடும், மெல்லிய பலகையோ பகலில் கொதித்து இரவில் குளிரும். ஆஸ்திரேலியாவில் இரண்டையும் பக்கத்தில் வைத்து வெப்பமானியால் அளந்த ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தின. கத்திரி வெயிலில் தஞ்சை மாவட்டம் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது குறை ஆயுள்: ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒட்டுப்பலகை உப்பிப் பிரிந்துவிடும், தப்பியதைக் கரையான் பார்த்துக்கொள்ளும்.

மெல்பர்னின் ஆந்தை

இந்த இடத்தில்தான் கணினி நுழைகிறது. ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய ஆந்தைக்கு அங்கே ‘வலிய ஆந்தை’ என்ற பொருளில் பெயர். நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் வயதான தைல மரங்களின் பெரும்பொந்துதான் அதற்கு வீடு. நகரங்களில் அவ்வளவு வயதான மரம் அரிது. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்பாளர்களும் சூழலியலாளர்களும் சேர்ந்து இந்த ஆந்தைக்குக் கூடு வடிவமைத்தார்கள். அவர்கள் முன்வைத்த வழிமுறை 2022இல் ‘மெத்தட்ஸ் இன் இகாலஜி அண்ட் எவல்யூஷன்’ என்ற ஆய்விதழில் வெளியானது.

அவர்கள் செய்ததை வரிசையாகச் சொல்லலாம். முதலில் மரத்தின் உருவத்தை ஒளிக்கதிர் கொண்டு அளந்து கணினியில் முப்பரிமாண உருவமாக்கினார்கள். பிறகு ஆந்தைக்கு என்ன வேண்டும் என்பதை அளவுகளாக மாற்றினார்கள்: உட்குழியின் அகலம், நுழைவாயின் உயரம், குஞ்சு ஏறி இறங்கச் சொரசொரப்பான உட்சுவர், குறிப்பிட்ட கிளையில் பொருந்தும் அடிப்பகுதி. ஓர் அளவை மாற்றினால் மற்ற எல்லாம் அதற்கேற்ப மாறும்படி வரைபடம் அமைந்தது. கடைசியில் அதை அச்சு இயந்திரத்தாலும், சணல் தண்டும் சுண்ணாம்பும் கலந்த கட்டிகளை அடுக்கியும் செய்து பார்த்தார்கள். கட்டிகளை அடுக்கியவர்கள் மனிதர்களே. கண்முன் தெரியும் கணினிப் படத்தைப் பார்த்து, எந்தக் கட்டி எங்கே என்று அறிந்து கையால் வைத்தார்கள்.

இதில் நமக்குப் பயன்படுவது இயந்திரத்தைவிட அந்த வரிசை. எல்லா இடத்துக்கும் ஒரே பெட்டி என்ற நிலை மாறி, இந்த மரத்தில் இந்தப் பறவைக்கு இந்த அளவு என்று சொல்ல முடிகிறது. கூடு காலியாகவே கிடந்தால் எந்த அளவு தப்பு என்று தேடித் திருத்தி, அடுத்த பருவத்துக்கு வேறொன்று செய்யவும் முடிகிறது. கையால் மட்டும் செய்யும்போது இந்தத் திருத்தம் செய்பவரின் நினைவில் தங்கும். வரைபடத்தில் இருந்தால் ஊர் கடந்து போகும்.

கடலுக்கடியில் சுட்ட மண்

களிமண்ணை நம்பி இறங்கியவர்கள் ஹாங்காங்கில் இருக்கிறார்கள். ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வாளர்களும் கட்டடக் கலைஞர்களும் 2020 ஜூலையில் ஹோய் ஹா வான் கடற்பூங்காவில் 128 சுட்ட மண் தட்டுகளைக் கடலடியில் பதித்தார்கள். பரப்பு சுமார் 40 சதுர மீட்டர். ஒவ்வொன்றும் இயந்திரக் கை களிமண்ணை வரி வரியாகப் பிழிந்து அச்சிட்டுச் சூளையில் சுட்டது. பவளத் துண்டுகள் பற்றிக்கொள்ளவும் வண்டல் தேங்கி மூடாமல் வழியவும் ஏற்றபடி மேற்பரப்பில் மடிப்புகள் வைத்தார்கள். சிமெண்ட்டையும் இரும்பையும் தவிர்த்து மண்ணைத் தேர்ந்ததற்குக் காரணம், அது கடலை நஞ்சாக்காது, நாளாவட்டத்தில் தேய்ந்து கடலோடு கலந்துவிடும் என்பது.

மாலத்தீவில் 2018இல் வேறு வழியைக் கையாண்டார்கள். ஆஸ்திரேலிய வடிவமைப்பாளர் ஒருவரின் பவளத்திட்டு அமைப்புக்கு, பாகங்களை நேரடியாக அச்சிடவில்லை. அச்சை, அதாவது வார்ப்படத்தை மட்டும் இயந்திரத்தில் செய்து, அதில் பீங்கான் மண்ணை ஊற்றி 220 பாகங்களை எடுத்தார்கள். ஒரு முறை இயந்திரம், நூறு முறை கை. செலவு கணக்குப் பார்க்கும் ஊர்களுக்கு இந்த வேறுபாடு பெரியது.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய முயற்சி தூத்துக்குடிக்கு எதிரே நடந்தது. பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததால் மன்னார் வளைகுடாவின் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய தீவுகள் ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. அடுத்து மறையும் நிலையில் இருந்த வான் தீவைச் சுற்றி, சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து வடிவமைத்த துளையிட்ட செயற்கைப் பாறைகளை 2015 முதல் இறக்கினார்கள். அலையின் வேகத்தைக் குறைப்பதும் மீன்களுக்கு ஒதுங்க இடம் தருவதும் நோக்கம். பொருள் கான்கிரீட்தான். ஆனால் அலையைக் கணித்து வடிவம் அமைத்த அந்த முறையில், உயிருக்குத் தேவையானதை எண்ணாக மாற்றும் பழக்கம் நம்மிடமும் வேரூன்றியிருப்பது தெரிகிறது.

ஒடியோலையும் உறையும்

இதெல்லாம் திருப்பனந்தாள் பக்கம் வந்தால் எப்படி இருக்கும்? முதலில் கையிருப்பைப் பார்க்கலாம்.

சுவாமிமலை இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அங்கே சிலை வார்க்கும் ஸ்தபதிகள் மெழுகு உருவத்தின்மேல் பூசுவது காவிரியின் நைசான வண்டல் மண். விரல் நகத்தின் கோடு வரை பதிவாகும் அளவுக்கு அது மென்மையானது. அவர்கள் சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலைக் கீற்று ஒன்றை நறுக்கி, தாலக் கணக்குப்படி மடித்து மடித்து முகம், மார்பு, தொடை ஆகியவற்றின் விகிதத்தைக் குறிப்பார்கள். அதற்கு ஒடியோலை என்று பெயர். ஓலை நீண்டால் எல்லா உறுப்பும் நீளும்; குறைந்தால் எல்லாம் குறையும். மெல்பர்ன் வடிவமைப்பாளர் கணினியில் எழுதிய விதியும் தர்க்கத்தில் இதுவே. ஓர் அளவிலிருந்து எல்லா அளவையும் பிறப்பிக்கும் சிந்தனை இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

இரண்டாவது கையிருப்பு உறைகிணறு. பூம்புகார், கீழடி அகழாய்வுகளில் சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கிய கிணறுகள் வெளிப்பட்டன. பெரிய பொருளைச் சுமக்கத்தக்க வளையங்களாகப் பிரித்துச் செய்து, வேண்டிய இடத்தில் அடுக்கும் நுட்பம் அது.

மூன்றாவது கையிருப்பு உமி. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. அதில் மணற்சத்து அதிகம் என்பதால் எளிதில் மக்காது. சணல் தண்டுக்கு ஆஸ்திரேலியர் போகும் இடத்தில் நாம் அரிசி ஆலைக்குப் போகலாம். உமியும் சுண்ணாம்பும் கலந்த கலவை வெப்பத்தைத் தடுக்கும், ஈரத்தை வாங்கி விடும்.

எடையும் வெயிலும்

கற்பனையைக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். கூகைக்குக் குறைந்தது 40 செ.மீ. விட்டமும் 70 செ.மீ. உயரமும் உள்ள உருளை என்று வைத்துக்கொள்வோம். நுழைவாய் 13 முதல் 15 செ.மீ. போதும். அதன் அடி விளிம்பிலிருந்து தரைக்குக் குறைந்தது 45 செ.மீ. ஆழம் வேண்டும் என்பது பிரிட்டனில் கூகைப் பெட்டி அமைப்பவர்கள் வலியுறுத்தும் விதி. இல்லாவிட்டால் பறக்கத் தெரியாத குஞ்சு வாசலுக்கு ஏறி வந்து கீழே விழும்.

இந்த உருளையின் மூடி, அடி உட்பட மேற்பரப்பு சுமார் 1.1 சதுர மீட்டர். இரண்டு செ.மீ. கனத்தில் சுட்ட மண்ணால் செய்தால் எடை 40 கிலோவைத் தொடும். பனையின் உச்சிக்கு இதை ஏற்றுவது நடக்காத காரியம். உமி-சுண்ணாம்பு லேசானது என்று தோன்றலாம். ஆனால் அதற்கு ஐந்து செ.மீ. சுவராவது வேண்டும், மொத்த எடை பெரிதாகக் குறையாது. ஆக, எடையிலிருந்து தப்ப இரண்டு வழிதான். ஒன்று, உறைகிணற்று முறையில் நான்கைந்து வளையமாகச் செய்து ஒவ்வொன்றாக மேலேற்றி அடுக்குவது. இன்னொன்று, மரத்தை விட்டுவிட்டு மோட்டார் கொட்டகைச் சுவர், நெல் கிடங்கின் மேல்மூலை, களத்து மேட்டில் நட்ட தூண் என்று இடத்தை மாற்றுவது. கூகைக்கு மரமே வேண்டும் என்ற பிடிவாதம் இல்லை. உயரமும் இருட்டும் தொந்தரவின்மையும் போதும். பனங்காடைக்கும் புள்ளி ஆந்தைக்கும் சின்னக் கூடு போதும் என்பதால் அவற்றை மட்டும் பனையில் கட்டலாம்.

அச்சு இயந்திரத்தின் வரம்பையும் சொல்ல வேண்டும். ஈரக் களிமண் காயும்போது சுருங்கும். சுருக்கம் சீராக இல்லாவிட்டால் வெடிக்கும். வண்டல் மண்ணில் மணலோ பொடித்த ஓடோ எவ்வளவு சேர்ப்பது என்பது சூளை வைத்துப் பழகிய குயவருக்குத் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது. மேலும், ஒவ்வொரு கூட்டையும் இயந்திரத்தில் பிழிவது நேரமும் பணமும் தின்னும். மாலத்தீவு வழி இங்கே பொருத்தம்: உட்சுவர்ச் சொரசொரப்பும் வாயின் சரிவும் சேர்ந்த வார்ப்படத்தை ஒரு முறை கணினிவழி செய்துகொண்டு, மண்ணை அழுத்திச் சுடும் வேலையை உள்ளூர் சூளைக்கு விடலாம்.

அளப்பதற்கும் விலை உயர்ந்த கருவி தேவையில்லை. கைபேசியில் பல கோணத்தில் எடுத்த படங்களைக் கோத்து முப்பரிமாண உருவமாக்கும் மென்பொருள் இன்று எளிதாகக் கிடைக்கிறது. அவசரம் அங்கேதான். விழப்போகும் ஒவ்வொரு பழைய பனையும் புளியும் ஒரு வீட்டின் வரைபடத்தோடு விழுகிறது. மரத்தைக் காப்பாற்ற முடியாத இடத்திலும் பொந்தின் ஆழம், வாயின் திசை, சுவரின் கனம், பகல்-இரவு வெப்பம் ஆகியவற்றைக் குறித்து வைத்துவிட முடியும். கணினி நுட்பம் டெல்டாவுக்குத் தரக்கூடிய முதல் பயன் இந்தப் பதிவு. கூடு செய்வது அதற்குப் பிறகு.

வீடு கொடுத்து விஷம் வைப்பது

கூடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வயலில் நஞ்சு இருந்தால் பயன் இல்லை. எலிக்கு வைக்கும் புரோமடையலோன் இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாட்களில் கொல்லும் மருந்து. அதைத் தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடி வெளியே திரியும். அப்படிப்பட்ட எலிதான் கூகைக்கு முதலில் அகப்படும். இவ்வகை மருந்துகள் கூகையின் உடலில் சேர்வது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. எனவே கூடு வைத்த வயலைச் சுற்றி மருந்தை நிறுத்திக் கிட்டிக்குத் திரும்புவது திட்டத்தின் பகுதியாகவே இருக்க வேண்டும். இல்லையேல் பறவையை அழைத்து வந்து சாகடித்ததாக முடியும்.

இன்னொரு தடை மனத்தில் இருக்கிறது. கூகை அலறினால் கேடு என்ற நம்பிக்கை ஊர்களில் இன்னும் உயிரோடிருக்கிறது. வீட்டுக்கு அருகே கூடு வைக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்த முடியாது. வயலிலும் களத்திலும் தொடங்கி, எலி குறைவதைக் கண்ணால் கண்ட பிறகு மனம் மாறினால் மாறட்டும்.

சோதனை எப்படி இருக்க வேண்டும்

அழகான கூட்டைச் செய்து படம் எடுத்துப் போடுவது எளிது. பயன் உண்டா என்று நிரூபிக்க ஒழுங்கான சோதனை தேவை. ஒரே பகுதியில் மூன்று வகைக் கூடுகளை ஒரே எண்ணிக்கையில் வைக்கலாம்: வழக்கமான பலகைப் பெட்டி, சுட்ட மண் வளையக் கூடு, உமி-சுண்ணாம்புக் கூடு. ஒவ்வொன்றிலும் சிறு வெப்பப் பதிவி ஒன்று. எந்தக் கூட்டில் எப்போது குடியேறின, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு பறந்தன என்ற குறிப்பு. இரண்டு இனப்பெருக்கப் பருவமாவது பார்த்த பிறகே முடிவு. பலகைப் பெட்டியே வென்றால் மற்ற இரண்டையும் கைவிடும் நேர்மையும் வேண்டும். இது ஒரு கல்லூரி விலங்கியல் துறையும் ஒரு குயவர் குடும்பமும் சில விவசாயிகளும் சேர்ந்தால் நடக்கக்கூடிய வேலை. பெரிய ஆய்வுக்கூடம் கேட்கவில்லை.

வெற்றியின் அளவுகோலும் டெல்டாவிலேயே இருக்கிறது. கூட்டுக்கு அடியில் விழும் உருண்டைகளைச் சேர்த்துப் பிரித்தால் எத்தனை சிறு பெருச்சாளி, எத்தனை சுண்டெலி என்று பருவந்தோறும் எண்ணலாம். மன்னம்பந்தலில் கற்ற பாடம் அது. ஒரு கூட்டின் செலவை அந்த எண்ணிக்கையோடும், விவசாயி வாங்காமல் விட்ட மருந்தின் விலையோடும் வைத்துப் பார்த்தால், கணினிக்கும் களிமண்ணுக்கும் போட்ட பணம் தகுமா என்பது தெரிந்துவிடும். தகும் என்று வந்தால் வரைபடத்தை ஊர் ஊராகக் கொடுக்கலாம். 2021க்குப் பின் ஊன்றிய பனைகள் முதிர்ந்து பட்டுப் பொந்து விடும் வரை அந்தக் கூடுகள் இடம் காத்துக் கொடுக்கும். அதன் பிறகு பட்ட பனையை வெட்டாமல் நிற்க விடும் பழக்கம் ஊரில் வந்திருந்தால் கூடே தேவைப்படாது. திட்டத்தின் கடைசி நோக்கமாக எழுதிவைக்க வேண்டியது அதைத்தான்.